விரலால் மூடிய வார்த்தை

"தெரியாத வார்த்தையா? விரலால் மூடு. சுற்றி இருப்பதைப் பார். அர்த்தம் தானாகச் சிக்கும்!" பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் என் நாலாம் வகுப்புக்கு நான் தினமும் சொல்வது இதுதான்.

மரிகார் அதையே செய்துகொண்டு என் மேசைக்கு வந்தாள். கையில், அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்த ஆங்கிலக் கடிதம். ரியாத்தில் வீட்டு வேலை செய்யும் அவள் அம்மா இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாக வகுப்பு முழுவதும் தண்டோரா போட்டிருந்தாள்.

அவள் விரலை விலக்கிப் பார்த்தேன். 'Extended.' அம்மாவின் வேலை ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது.

"என்ன அர்த்தம், மேம்?"

"அம்மா சீக்கிரம் வர்றாங்கன்னு அர்த்தம்டி."

"சும்மா சொல்லாதீங்க மேம். நேத்து அம்மா அனுப்புன பார்சல்ல ஷூ வந்துச்சு. ரெண்டு சைஸ் பெருசு."

மறுபடி அந்த வார்த்தையை விரலால் மூடிக்கொண்டாள்.