மீதி எப்படி இருந்தது?

“தப்பெல்லாம் பார்த்துட்டீங்க. மீதி எப்படி இருந்துச்சுப்பா?”

ஒன்பது வயதில் அவள் கேட்ட கேள்வி இது. நான்கு பக்கத்துக்குக் கதை ஒன்று எழுதி அப்பாவிடம் நீட்டியிருந்தாள். அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. சிவப்புப் பேனாவால் பதினேழு இடங்களில் சுழித்து, ஓரத்தில் சரியான எழுத்தைப் பொடிப்பொடியாக எழுதித் திருப்பிக் கொடுத்தார். மகளின் கேள்வி காதில் விழுந்ததோ இல்லையோ, நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பொல்லாத மனிதர் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தைவிட்டு நகர மாட்டார். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் கண்மூடும்வரை பதில் வரவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. இருபதாவது வயதோடு எழுதுவதையும் விட்டுவிட்டாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. அப்பாவைப் போலவே பிழை பார்த்துத்தான் பிழைக்கிறாள். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு துண்டுச்சீட்டு, யாரும் படிக்காத அந்தச் சீட்டை அச்சுக்குப் போகுமுன் எழுத்தெழுத்தாகப் படிப்பவள் அவள். வரியின் அடியில் ரூலரை வைத்து, கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கி முதல் சொல்லுக்கு வருவாள். முன்னாலிருந்து படித்தால் அர்த்தம் கண்ணைக் கட்டிவிடும். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பது ‘சாப்பாட்டுக்கு மூன்’ என்று இருந்தாலும் மனசு தானே சரியாகப் படித்துக்கொண்டு போய்விடும். பின்னாலிருந்து வந்தால் அர்த்தம் இருக்காது, எழுத்து மட்டும்தான் இருக்கும். பதினைந்து வருஷத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு பிழை வெளியே போனதில்லை. ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர்.

“அவகிட்ட கல்யாணப் பத்திரிகை குடுக்காதீங்கப்பா,” என்பார் பக்கத்து மேஜைக்காரர். “மாப்பிள்ளை பேருல புள்ளி விட்டுப்போச்சுன்னு கல்யாணத்தையே நிறுத்திடுவா.”

அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளை மறுபடி எழுத வைத்தது ஒரு டிவி தொடர். வெள்ளத்தில் அக்கரைக்குப் போன படகுக்காரன் திரும்பி வருவதற்குள் தொடரையே நிறுத்திவிட்டார்கள். அவன் மகள், ஐந்து வயதுக் குழந்தை, படகுத்துறையில் நின்றபடியே நின்றுவிட்டது. அவளால் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் புலம்பித் தீர்த்தாள்.

“அம்மா, நீ மட்டும் இல்ல, ஊரே புலம்புது,” என்றாள் மகள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பெண். போனை நீட்டினாள். “பாரு, ரசிகர்களே மீதிக் கதைய எழுதிக்கிட்டு இருக்காங்க. நீயும் எழுதேன். வீட்ல எங்க காதாவது மிஞ்சும்.”

அந்தத் தளத்தில் எல்லாருக்கும் புனைபெயர்தான். அவள் ‘துடுப்பு’ என்று வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளைகளில் எழுதினாள். துறைக் காவலர் தினமும் காலையில் படகு இல்லாத கயிற்றை அவிழ்த்து, மாலையில் மறுபடி கட்டுகிறார் என்று ஒரு சின்னக் கதை. இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு எழுதியது. போட்டுவிட்டு, அடுப்பில் பால் வைத்தவள்போல ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

பின்னூட்டம் ஒன்றுகூட வராத கதைகளை அந்தத் தளம் தனியாக ஒரு பக்கத்தில் அடுக்கிவைக்கும். பூஜ்ய வரிசை என்பார்கள். மூன்று நாள் அவள் கதை அங்கே கிடந்தது. நான்காம் நாள் ‘ஈரக்குடை’ என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்.

“பஸ்ல படிச்சேன். காவலர் கயித்த அவுக்குற இடத்துல என் ஸ்டாப் போனதே தெரியல. ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தே வந்தேன். வழியெல்லாம் அவர் கூடவே வந்தார்.”

அவள் அதை ஆறு தடவை படித்தாள், முன்னாலிருந்து. பிறகு கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன் கேட்ட கேள்விக்கு முகம் தெரியாத ஒருத்தி இறங்கும் இடத்தைத் தவறவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறாள். கடவுள் எந்தக் கை வழியாகக் கொடுப்பார் என்று யாருக்குத் தெரியும்.

அதன்பின் ஏழு கதைகள் எழுதினாள். ஏழுக்கும் ஈரக்குடை ஏதாவது எழுதினாள். ஒரு நாள் அவளிடமிருந்து தனிச் செய்தி வந்தது. “அக்கா, உங்களப் பார்த்து நானும் ஒண்ணு எழுதிட்டேன். முதல் கதை. நேரம் இருந்தா பாருங்க.”

பாருங்க.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குப் பார்ப்பது என்றால் பார்ப்பதுதான். அவள் ஆபீசில் “பார்த்தாச்சா?” என்றால் பிழை திருத்தியாயிற்றா என்று அர்த்தம். தன் கையில் இருக்கும் ஆகச் சிறந்த பொருளையே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். கதையை அச்செடுத்தாள். மூன்று இடைவேளை, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், ரூலரை வைத்துக் கடைசிச் சொல்லிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அறுபத்து மூன்று பிழைகள். எண் போட்டு, பிழை இடப்பக்கம், திருத்தம் வலப்பக்கம் என்று அழகாக அடுக்கிக் கதையின் கீழேயே போட்டாள். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் அந்தக் கதை தளத்தில் இல்லை. ஈரக்குடையும் இல்லை.

பட்டியலின் நகல் அவள் போனில் இருந்தது. மகளிடம் காட்டினாள். மகள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

“என்னம்மா இது, மளிகைச் சாமான் லிஸ்டா?”

“எவ்வளவு சிரமப்பட்டுப் பார்த்தேன் தெரியுமா? எனக்கு யாரு இப்படிச் செய்வா?”

“சரி, செஞ்ச. கதை என்ன?”

“எந்தக் கதை?”

“அவங்க எழுதுனதும்மா. படகுக்காரன் வந்தானா இல்லையா?”

அவள் போனை வாங்கிப் பட்டியலை மறுபடி பார்த்தாள். அறுபத்து மூன்று பிழைகளும் வரிசையாக நினைவில் நின்றன. படகுக்காரன் வந்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கதையை அவள் ஒரு தடவைகூட முன்னாலிருந்து படிக்கவில்லை.

“அம்மா?” என்றாள் மகள். “ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட?”

அச்செடுத்த தாள்கள் ஆபீஸ் மேஜை இழுப்பறையில் இருந்தன. மறுநாள் ரூலரை எடுக்காமல், முதல் சொல்லிலிருந்து படித்தாள். படகுக்காரனின் மகளே சொல்லுகிற கதை அது. ஐந்து வயதுக் குழந்தைக்கு இன்னும் ‘ழ’ வரவில்லை. வாயில் வருகிறபடியே அது சொல்லிக்கொண்டு போகிறது.

‘மலை வந்துச்சு. அப்பா வரல. நான் கீலே உக்காந்து ஆத்தப் பாத்தேன். இப்ப அது கோவமா இல்ல. அலுவுது.’

அந்த வரிமேல் சிவப்புச் சுழிகள் மூன்று. இருபத்தைந்து: மலை, மழை. இருபத்தாறு: கீலே, கீழே. இருபத்தேழு: அலுவுது, அழுகிறது.

விரலால் எண்ணிப் பார்த்தாள். அறுபத்து மூன்றில் இருபத்திரண்டு பிழையே இல்லை. அது குழந்தையின் நாக்கு. அப்பா வராத துறையில் உட்கார்ந்து பேசுகிற பிள்ளையை நிறுத்தி, உச்சரிப்பு சரியில்லை என்று இருபத்திரண்டு முறை மண்டையில் குட்டியிருக்கிறாள். மீதி நாற்பத்தொன்றும் நிஜப் பிழைகள்தான். ஆனால் முதல் கதையைக் கொண்டுவந்து நீட்டியவளுக்கு முதலில் கொடுக்க வேண்டியது அவையா?

அப்பாவின் நினைவு வந்தது. அந்தப் பதினேழு சுழிகளையும் அவர் இப்படித்தான், மனசு நிறையப் போட்டிருப்பாரோ? அன்பைத்தான் பட்டியலாக நீட்டினாரோ? முதல் தடவையாக அவர்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கமும் பாரத்தைக் குறைக்கவில்லை. சிவப்புச் சுழி ஒருத்தியின் வாயை எத்தனை வருஷம் மூடிவைக்கும் என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஈரக்குடைக்கு எழுதினாள். “நீங்கள் ‘பாருங்க’ என்றதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். கதையைப் படிக்காமலே திருத்தினேன். இப்போதுதான் படித்தேன். மன்னித்துவிடுங்கள்.” செய்தி திறக்கப்படவே இல்லை. ஒரு வாரம் கழித்து அந்தப் பெயரின் மேல் ‘இந்த உறுப்பினர் விலகிவிட்டார்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது.

எட்டாவது கதை பாதியில் நின்றது. ஒருத்தி கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிட்டுத் தான் மட்டும் எப்படி எழுதுவது? ஆபீஸ் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் முன்னால் போகிற பெண்களைப் பார்த்தாள். இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ. ‘ஆண்டவனே, அவள் எங்கேயாவது எழுதிக்கொண்டிருக்க வேண்டும்’ என்பதைத் தவிர வேறு பிரார்த்தனை அவளுக்கு இல்லாமல் போனது.

“விடும்மா,” என்றாள் மகள். “அவங்க இதெல்லாம் மறந்தே போயிருப்பாங்க.”

“நான் மறந்தேனா?” என்று கேட்டாள் அவள். மகளுக்கு அது விளங்கவில்லை.

பிரார்த்தனை மட்டும் போதாது என்று தோன்றியது. தினமும் இடைவேளையில் பூஜ்ய வரிசையைத் திறந்து ஒரு கதையைப் படிக்க ஆரம்பித்தாள். ரூலர் கிடையாது, முதலிலிருந்து முடிவுவரை. எங்கே மனசு நின்றதோ அதை மட்டும் இரண்டு வரி எழுதிவிட்டு வருவாள். ஆரம்பத்தில் கண் பிழைமேலேயே போய் உட்கார்ந்தது. மெல்ல மெல்லத்தான் வழிக்கு வந்தது.

நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசையின் அடியில் ஒரு கதை கிடந்தது. ‘யாரோ ஒருத்தி’ என்ற புதுப் பெயர். போட்டு ஐந்து நாள். பின்னூட்டம் பூஜ்யம்.

‘மலை வந்துச்சு. அப்பா வரல.’

அவள் கையிலிருந்த ஸ்பூன் நின்றது.

வார்த்தை மாறாமல் அப்படியே இருந்தது. மலை, கீலே, அலுவுது, இருபத்திரண்டும் பத்திரமாக இருந்தன. நிஜப் பிழைகள் நாற்பத்தொன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தப் பட்டியலை ஈரக்குடை மறுபடி திரும்பிப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. எப்படிப் பார்ப்பாள்? முடிவில் மட்டும் ஒரு பத்தி புதிது. அக்கரையில் ஒரு விளக்கு தெரிகிறது. ‘அது அப்பாவா இல்லாட்டியும் பரவால்ல, யாரோ முலிச்சுக்கிட்டு இருக்காங்க’ என்கிறது குழந்தை.

துடுப்பு என்ற பெயரில் எழுதலாமா? நான்தான் என்று சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டால் நெஞ்சு லேசாகும். யாருடைய நெஞ்சு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தப் பெயரைக் கண்டால் அவள் மறுபடி ஓடிவிட்டால்? பெயர் இல்லாமல் எழுதினால் அங்கே ‘விருந்தினர்’ என்று விழும். அதைத் தேர்ந்தெடுத்தாள்.

மூன்றாவது வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. விரல் துடித்தது. அதை மடக்கிக்கொண்டு எழுதினாள்.

“சாப்பாட்டு நேரத்துல படிச்சேன். ‘மலை வந்துச்சு. அப்பா வரல’ங்கற இடத்துல கையில எடுத்த சோறு வாய்க்குப் போகல. அந்தக் குழந்தைக்கு ழ வராததுதான் கதையோட உயிர். யாராவது திருத்தச் சொன்னா கேக்காதீங்க. அக்கரையில யாரோ முலிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அடுத்ததையும் எழுதுங்க.”

அனுப்பினாள். பூஜ்யம் ஒன்றானது. பூஜ்ய வரிசையிலிருந்து அந்தக் கதை சத்தமில்லாமல் மறைந்தது.

பக்கத்து மேஜைக்காரர் இன்னும் சாப்பிட்டு வரவில்லை. அவள் டப்பாவை மூடி வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், ரூலரை எடுத்து அடுத்த துண்டுச்சீட்டின் கடைசி வரியின் அடியில் வைத்தாள்.