இடஞ்சுழி

உம்மு ஹபீபா வாலிநோக்கத்துக்குப் பஸ் ஏறியது துக்கம் விசாரிக்க அல்ல. மண்டபத்தில் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேலை. 2003ஆம் ஆண்டு ஆவணி மாதம், செயற்கைக்கோள் படங்களில் ஆழ்கடலில் ஒரு பச்சை வட்டம் தெரிந்தது. அந்த இடத்தில் கடல் இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிச் சுற்றும்போது நடுவில் அடிக்கடலின் குளிர்ந்த நீர் மேலே ஏறும். அங்கே தேங்கிக் கிடக்கும் சத்துகளும் கூடவே ஏறும். வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகிக் கடலே பச்சையாகிவிடும். அதைத் தின்னச் சிற்றுயிர்கள் வரும், அவற்றைத் தின்ன மீன்கள் வரும். ஒவ்வொரு படத்திலும் வட்டம் அடர்ந்துகொண்டே போவதைப் பார்த்து அவள் பூரித்துப் போயிருந்தாள்.

அப்போதுதான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. வாலிநோக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் போன வள்ளம், எஞ்சின் நின்று வெகுதூரம் அடித்துப் போய்விட்டது. அண்ணன் நாகநாதனைச் சரக்குக் கப்பல் ஒன்று காப்பாற்றியது. தம்பி உக்கிரபாண்டி இறந்துவிட்டான். கப்பல் வள்ளத்தைக் கண்ட இடத்தைத் தன் படத்தில் வைத்துப் பார்த்தாள். பச்சை வட்டத்தின் நடுப்பக்கம். அந்த நீரை உள்ளேயிருந்து பார்த்த மனிதர் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. படத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாகநாதன் வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். உதட்டில் வெடிப்புகள் இன்னும் ஆறவில்லை. தம்பி மனைவி சோலையம்மாள் வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றாள்.

"அங்க தண்ணி எப்பிடிண்ணே இருந்துச்சு?" கேட்டு முடிக்கும் முன்பே ஹபீபாவுக்குக் கூச்சமாக இருந்தது.

"பச்சையா, ஊரணித் தண்ணி மாதிரி. கைய விட்டா சில்லுன்னு இருக்கும். மீனு வள்ளத்துக்கு அடியிலயே கெடந்துச்சு. பச்சையாத் தின்னோம். குடிக்கத்தான் ஒண்ணுமில்ல."

அதற்கு மேல் அவராகவே சொன்னார்.

"தம்பி தாகம் தாங்காம கடத்தண்ணிய அள்ளிக் குடிக்க ஆரம்பிச்சிட்டான். வேணாம்லேன்னு கையப் புடிச்சேன், கேக்கல. ஓங்கி அறைஞ்சிட்டேன். அதுக்குப் பெறகு அவன் எங்கூடப் பேசல. விடிஞ்சு பாத்தா மூச்சில்ல."

சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வலையில கெடந்த மிதப்புகள அறுத்து அவன் மேல கட்டி எறக்கிவிட்டேன். எங்கனயாச்சும் கரை ஒதுங்குனா இவ அவன் மொகத்தையாவது பாப்பாள்ல. ஆனா அவன் போகல தங்கச்சி. காத்தே இல்ல. வள்ளத்துக்குப் பக்கத்துலயே வந்தான். எப்பக் கண்ண முழிச்சாலும் அங்கனதான் கெடப்பான். அடிச்சவன்னு பாக்காம எனக்குத் தொணைக்கு நின்னான். கப்பல் வந்த அன்னிக்கு ஒரே மூட்டம். அவனைக் காணோம். கப்பல்காரங்களும் தேடிப் பாத்துட்டு விட்டுட்டாங்க."

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஹபீபா நினைத்தாள். தெரிந்தது ஒன்றுதான். படத்தை விரித்தாள்.

"நீங்க இருந்தது இதுக்குள்ளண்ணே. கடல் இங்க வட்டமாச் சுத்துது. உள்ள விழுந்த எதையும் லேசுல வெளிய விடாது. உங்க ரெண்டு பேரையும் ஒரே தண்ணிதான் சேத்துச் சுத்தியிருக்கு."

நாகநாதன் பச்சை வட்டத்தின் மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அப்ப அவனா நிக்கலையா?"

சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அந்த வட்டம் இப்பவும் இருக்கா?" என்று சோலையம்மாள் கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப அவுகளும் அதுக்குள்ளதான் சுத்திக்கிட்டு இருப்பாக."



சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொல்லியும் நாகநாதன் தம்பிக்குக் காரியம் செய்ய விடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டாள். சுற்றிக்கொண்டு இருக்கிறவனுக்கு எப்படிச் செய்வது என்றாராம். கடலுக்கும் போவதில்லை, உப்பளத்து வேலைக்குப் போகிறார் என்றார்கள். புதிய படம் வரும்போதெல்லாம் அவள் இப்போது பயத்தோடுதான் பார்த்தாள். பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது.

புரட்டாசிக் கடைசியில் அவர் மண்டபத்துக்கு வந்தார். காலில் உப்பு பூத்திருந்தது.

"புதுப் படம் இருக்கா தங்கச்சி?"

பழைய படமும் மேசை மேல்தான் கிடந்தது. அதைக் காட்டி அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு புதியதை எடுத்து வைத்தாள். எங்கும் ஒரே நீலம்.

"சுழி ஓஞ்சிருச்சுண்ணே. தண்ணி கலைஞ்சிருச்சு."

"அந்தப் பச்சையெல்லாம்?"

"கொஞ்சத்த மீனுக தின்னிருக்கும். மிச்சம் செத்து அடியில எறங்கிரும்."

"அடியிலயா" என்றார். அந்த நீலத்தின் மேல் விரலை வைத்தார். "ஒரு வார்த்த பேசாமலே போயிட்டான்."

"தண்ணிதான் அவரக் கொண்டுவந்துச்சுன்னா என்னண்ணே? உங்க பக்கத்துல இருந்தாருல்ல" என்றாள் ஹபீபா. அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

"அப்பக் காரியத்த முடிச்சிருவோம். நீயும் வா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஹபீபா போயிருந்தாள். கரையில் பெண்களோடு நின்றாள். எள்ளும் சோறும் வைத்த இலையை ஏந்திக்கொண்டு, திரும்பி வந்தபின் முதல்முறையாக நாகநாதன் கடலில் இறங்கினார். இடுப்பளவு நீரில் இலையை விட்டுத் தலை முழுகினார். முழுகிய பிறகும் கரைக்குத் திரும்பாமல், முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றார்.

சோலையம்மாள்தான் அலை வரைக்கும் இறங்கிப் போனாள்.

"போதும் மாமா. ஏறி வாங்க."