பதினைந்தாவது நகல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு துணிப்பையில் வந்தது. போன மாதம், 1979 ஆகஸ்டில், எட்மண்டின் மனைவி யூனிஸ் அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். எட்மண்ட் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பைக்குள் ஒரு ஃபைல், நாடா போட்டுக் கட்டியது.

"கிழிக்க மனசு வரலை சார். வீட்ல வச்சிருக்கவும் முடியலை. நீங்க பேப்பர்ல எழுதுறவர், என்ன செய்யணுமோ செய்யுங்க."

நான் பேப்பரில் எழுதியது பெரும்பாலும் ஸ்கோர்தான். கிழக்குத் தாம்பரம் விடிவெள்ளி கிரிக்கெட் கிளப்பின் செயலாளர் எட்மண்ட். திங்கள்தோறும் அவர் அனுப்பும் முழுத் தாள் விவரத்தை நான்கு வரியாகச் சுருக்கிப் போடுவேன். அந்தப் பழக்கத்தில் இதையும் நான்கு வரியில் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: "1959 ஜூனில் ஓர் இனிய காலை, பனைமரங்களுக்கு அப்பால் சூரியன்—"

வேண்டாம். அன்று காலை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது தொடக்கம்: "மைதானம் என்பது வெறும் மண்ணல்ல, அது—"

இதுவும் வேண்டாம். அது மண்தான். மூன்று ஏக்கர் செம்மண், ஒரு மூலையில் பாழுங்கிணறு. மயிலாப்பூரில் இருந்த மாசிலாமணி என்ற பெரியவருக்குச் சொந்தம். அவர் எதுவும் பயிரிடவில்லை, வேலியும் போடவில்லை. விடிவெள்ளி ஆட்டக்காரர்கள் முள்ளை வெட்டி, கல் பொறுக்கி, நடுவில் கயிற்றுப் பாய் விரித்து நான்கு பக்கமும் ஆணி அடித்து ஆடினார்கள்.

(அந்தப் பாய்க்கு 'மேட்டிங்' என்று பெயர். நனைந்தால் நான்கு ஆள் தூக்க வேண்டும். காய்ந்திருந்தால் கிளப் ஆட்டக்காரர் மாரி ஒருவரே தோளில் போட்டுக்கொண்டு போவார்.)

வேறு யாராக இருந்தாலும் அப்படியே ஆடிக்கொண்டிருந்திருப்பார்கள். எட்மண்ட் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. கேட்காமல் ஒரு ஆணி அடிக்க அவருக்குக் கை வராது. ஒவ்வொரு ஜூன் முதல் வாரமும் நிலத்துக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார்: 'தங்கள் நிலத்தில் இந்த ஆண்டும் மேட்டிங் விரித்துக்கொள்ளத் தங்கள் அனுமதியைக் கோருகிறோம்.' அடியில் கார்பன் வைத்து ஒரு நகல். பெரியவர் கார்டில் பதில் போடுவார். ஏழாவது கார்டை அப்படியே தருகிறேன்: 'தாராளமாக விளையாடவும். மழை பெய்தால் கிணற்றோரம் ஜாக்கிரதை. என் பேரன்களுக்கு இந்தப் பழக்கம் வரவில்லை.'

1959 முதல் 1972 வரை பதினான்கு நகல்கள், பதினான்கு கார்டுகள். எல்லாம் தேதி வரிசையில்.

3

1972 கடைசியில் பெரியவர் காலமானார். மறு வருஷம் பேரன்கள் நிலத்தை மனை போட்டு விற்கக் கல் நட வந்தார்கள். கிளப் வக்கீல் வைத்து வழக்குப் போட்டது.

வக்கீல் சட்டத்தை இப்படி விளக்கினாராம்: "அடுத்தவன் நிலத்தைப் பன்னெண்டு வருஷம் பகிரங்கமா, உங்களுதாட்டம் வச்சிருந்தா அது உங்களுதுன்னு நாம பேசலாம். ஆனா கேட்டு ஆடினவன் விருந்தாளி சார். விருந்தாளிக்கு வீடு கிடைக்காது. நீங்க யார்கிட்டயும் பர்மிஷன் கேக்கலையே?"

எட்மண்ட் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் தேவானந்தம், பள்ளிக்கூட வாத்தியார், "இல்லை சார்" என்றார்.

எதிர்த்தரப்பிடம் ஒரு காகிதமும் இல்லை. பெரியவரின் அலமாரியில் இருந்த கடிதங்களைப் பேரன்கள் எடைக்குப் போட்டுவிட்டார்கள். உலகத்தில் சாட்சி எட்மண்டின் பீரோவில் மட்டும் இருந்தது.

அந்த ஞாயிறு ஆட்டம் முடிந்து எட்மண்ட், தேவானந்தம், மாரி மூவரும் மேட்டிங்கைச் சுருட்டும்போது நடந்த பேச்சை மாரி எனக்குச் சொன்னார்.

"லெட்டர் போடச் சொல்லி யாருனா கேட்டாங்களாண்ணா?" என்றார் மாரி. "ஆபீஸ்லதான் நாள்பூரா எழுதிக்கினு கீற. இங்க வந்தும் இன்னாத்துக்கு?"

"கேக்காம எப்படி மாரி? அவர் நிலம்."

"அம்பயரா நின்னா ஸ்டம்புக்கு எதிர்ல கீற காலு தெரியாது உனக்கு. இதுக்கு மட்டும் கண்ணு நல்லா தெரியுது."

தேவானந்தம் சிரிக்கவில்லை. "ஒரு தீக்குச்சி போதும்டா எட்மண்ட்."

"ஏழாவது கார்டைப் படிச்சியா நீ?"

"படிக்க மாட்டேன். படிச்சா எனக்கும் உன் வியாதி வந்துடும்."

மாரி ஆணிகளை டப்பாவில் போட்டு மூடினார். லாரி ஷெட்டில் கூலிவேலை அவருக்கு. "எனக்கு சட்டம்லாம் தெரியாதுண்ணா. இங்க மட்டுந்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்புடறாங்க. மத்த எடத்துல எல்லாம் 'டேய்'தான்."



(முதல் படியில் மாரியை 'அவன்' என்றும் எட்மண்டை 'அவர்' என்றும் எழுதியிருந்தேன். இருவருக்கும் வயதில் இரண்டே வருஷ வித்தியாசம். இந்த வரியை எழுதிய பிறகு மேலே போய் எல்லாவற்றையும் திருத்தினேன்.)

4

இந்த இடத்தில் ஒரு காட்சி எழுதி நீக்கிவிட்டேன். பல்லாவரத்தில் ஒரு ஆட்டம். பந்து எட்மண்டின் மட்டையில் லேசாக உரசிப் பின்னால் விக்கெட் கீப்பர் கைக்குப் போகிறது. அம்பயர் அவுட் கொடுக்கவில்லை. எட்மண்ட் தானாகவே மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறுகிறார். நடந்ததுதான். ஆனாலும் எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. இப்படிப்பட்டவர் கோர்ட்டில் என்ன சொல்வார் என்று நீங்கள் உடனே முடிவு செய்துவிடுவீர்கள். ஒரு விக்கெட்டை விட்டுக்கொடுப்பவர் பதினோரு பேருடைய மைதானத்தையும் விட்டுக்கொடுப்பார் என்பது என்ன நிச்சயம்? விக்கெட் அவருடையது. மைதானம்—

5

1974 பிப்ரவரி. செங்கல்பட்டு கோர்ட்டில் எட்மண்ட் முதல் சாட்சி, தேவானந்தம் இரண்டாவது. மாரி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உடன் வந்தார். தாம்பரத்தில் ரயில் ஏறியபோது எட்மண்டின் கையில் அந்தத் துணிப்பை இருந்தது.

"எதுக்குடா கொண்டுவந்தே?" என்றார் தேவானந்தம்.

"தெரியலை."

கூடுவாஞ்சேரி தாண்டியது. சிங்கப்பெருமாள் கோவிலில் கூட்டம் இறங்கியது. வண்டி கிளம்பியதும் மாரி ஜன்னலோர இடத்தைவிட்டு எழுந்தார்.

"இங்க குந்துண்ணா. காத்து வரும்."

எட்மண்ட் மாறி உட்கார்ந்தார். பை மடியில். செங்கல்பட்டு வருவதற்கு முன் தண்டவாளத்தை ஒட்டியே கொளவாய் ஏரி. மூவருக்கும் அது தெரியும்.

"ஏரி வருது," என்றார் தேவானந்தம்.

தண்ணீர் வந்தது. எட்மண்ட் பையின் காதுகளை இரண்டு கையாலும் பிடித்தார். ஜன்னல் கம்பிகளுக்கிடையே அந்த ஃபைல் தாராளமாகப் போகும். மாரி எதிரே இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்காமல் இருப்பது ஒரு உதவி என்று நினைத்தவர்போல.

தண்ணீர் முடிந்து சிக்னல் கம்பம் வந்தது. பை மடியிலேயே இருந்தது.

6

கோர்ட்டில் எட்மண்டைக் கூப்பிட்டார்கள். அவர் பையை மாரியிடம் கொடுத்தார். தேவானந்தம் அடுத்த சாட்சி என்பதால் உள்ளே விடவில்லை. இருவரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஆகவே இதற்கு மேல் எனக்கு யாரும் சொன்னதில்லை. இனி வருவது என் கற்பனை.

எட்மண்ட் வேதாகமத்தின்மேல் கை வைத்துப் பிரமாணம் சொல்கிறார். அட்டை சொரசொரப்பாக இருக்கிறது. தங்கள் வக்கீலின் கேள்விகள் சுலபமானவை. எத்தனை வருஷம், யார் முள் வெட்டியது, யார் கிணற்றுக்குச் சுவர் வைத்தது. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கிறார். அவரிடம் காகிதம் இல்லை, குத்துமதிப்பாக எறிகிறார்.

"மாசிலாமணிகிட்ட நீங்க எப்பவாவது அனுமதி கேட்டதுண்டா?"

முடிவு ஒன்று: "இல்லை" என்கிறார் எட்மண்ட். அதைச் சொல்லும்போது ஏழாவது கார்டின் கையெழுத்து அவர் கண்ணில்—

முடிவு இரண்டு: "கேட்டேன். வருஷா வருஷம் கேட்டேன்" என்கிறார். மரத்தடியில் மாரியின் கையில்—

இரண்டையும் முழுதாக எழுதினேன். முதலாவதில் எட்மண்டுக்குத் துரோகம் செய்தேன், இரண்டாவதில் மாரிக்கு. இரண்டு படிகளும் குப்பைக்கூடையில் கிடக்கின்றன.

வெளியே வந்த எட்மண்டிடம் மாரி, "இன்னாண்ணா சொன்ன?" என்று கேட்டார். எட்மண்ட், "பையைக் குடு" என்று மட்டும் சொன்னார். மாரி மறுபடி கேட்கவே இல்லை. தேவானந்தத்திடம் நான் கேட்டேன். அவர், "எனக்கும் தெரிய வேணாம் சார்" என்றார்.

7

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது: நீயெல்லாம் ஒரு நிருபரா? சாட்சியத்துக்கு நகல் வாங்கலாமே? வாங்கலாம். செங்கல்பட்டுக்குப் போய் மனுவும் எழுதினேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வரும்போதும் அந்த ஏரி.

மைதானம் இன்று என்னவாயிற்று என்பது எனக்குத் தெரியும். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போனால் உங்களுக்கும் தெரிந்துவிடும். ஆனால் அதிலிருந்து எட்மண்டின் பதிலைக் கணக்குப் போடாதீர்கள். உண்மை சொல்லி ஜெயித்தவர்களையும் பொய் சொல்லித் தோற்றவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃபைலில் கடைசித் தாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பதினான்கு நகல்களுக்குக் கீழே பதினைந்தாவதாக ஒன்று இருக்கிறது. தேதி 1974 ஜூன் 3. வழக்கு முடிந்து இரண்டு மாதம் கழித்து எழுதியது. வாசகம் மாறவில்லை: 'தங்கள் நிலத்தில் இந்த ஆண்டும் மேட்டிங் விரித்துக்கொள்ளத் தங்கள் அனுமதியைக் கோருகிறோம்.' கீழே எட்மண்டின் கையெழுத்து.

பெறுநர் என்ற இடத்தில் பெயர் இல்லை. கார்பனில் விட்டுப்போனதாக முதலில் நினைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்; அழுத்தின தடம்கூட இல்லை. மேல் தாளிலும் அந்த இடம் காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பெயரில்லாத அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தாரா என்று யூனிஸுக்கும் தெரியவில்லை.

எட்மண்ட் யாரைக் கேட்டார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவர் விட்ட அளவே நானும் இடம் விட்டிருக்கிறேன்.

பெறுநர்: