வீடு நிரம்பிவிட்டது

எங்கள் இரண்டு அறை வீட்டுக்குள் ஒரு நாள் காலையில் நானூறு பேர் இருந்தார்கள். நான் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். ஒருவர்கூட என்னை மிதிக்கவில்லை.

இதை ஊரே நம்பினாலும் என் மச்சினன் உதட்டைப் பிதுக்குவான். மனைவியின் தம்பி, விஞ்ஞான மூளை என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்டவன். செல்போனில் வரும் விஞ்ஞானச் செய்தி ஒன்றையும் விடமாட்டான். வெள்ளரிக்காயை ஒட்டிவைத்தால் பேட்டரி ஏறும் என்று படித்து, இரண்டு போனை ஊறவைத்தவன். நான் வாயைத் திறந்தால் மட்டும் ஆதாரம் கேட்பான்.

என் மருமகன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். எழுதுகிறவர் என்பது பழைய கதை. இப்போது ஏஐயிடம் வேண்டியதைச் சொல்கிறார், அது எழுதிக் கொட்டுகிறது, இவர் டீ குடிக்கிறார். அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கதவு. வருகிற போகிற குரலைக் கேட்டு, உள்ளே எத்தனை பேர் என்று எண்ணும். அதற்கேற்ப விளக்கைப் போடும், ஏசியைக் கூட்டும், குறைக்கும். கூட்டம் மிஞ்சினால் பூட்டிக்கொள்ளும். உறவுக்காரர்கள் ஓயாமல் வந்துபோகிற வீடு என்பதால் எங்கள் வாசலில் மாட்டிச் சோதனைக்கு விட்டார். மேலதிகாரி அம்மாள் நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் வேலை நிலைக்கும். பிடிக்காவிட்டால் ஏஐ இருக்கும், மருமகன் இருக்கமாட்டார்.

“அது எழுதினதை ஒரு தடவை படிச்சுப் பாத்தீங்களா மாப்பிள்ளை?”

“அதுவே சரிபாத்துடுச்சு மாமா. தப்பே இல்லையாம்.”

விடைத்தாளைத் திருத்தும் வேலையையும் பரீட்சை எழுதியவனிடமே கொடுத்தால் எவன் ஃபெயிலாவான்?

ஏஐ போட்ட விதி எளிது. ‘வரேன்’ என்று காதில் விழுந்தால் ஒருவரைக் கூட்டு. ‘போறேன்’ என்று விழுந்தால் ஒருவரைக் கழி. நம் வீடுகளில் எவன் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறான்? எழுந்திருக்கும்போது ஒரு ‘வரேன்’, செருப்பு மாட்டும்போது ஒரு ‘வரேன்’, லிஃப்ட் மூடும்போது இன்னொன்று. மனைவியின் அக்கா ஒருத்தி விடைபெற்றாலே ஒரு பஸ் நிரம்பும். கிளம்பிப் போனவர்களை எல்லாம் கதவு உள்ளே சேர்த்துக்கொண்டே வந்தது. வீட்டின் கொள்ளளவையும் ஏஐயே தீர்மானித்திருந்தது: நானூறு. சினிமா தியேட்டர் என்று நினைத்துவிட்டது போலும்.

மேலதிகாரி வரவேண்டிய அன்று காலை, என் மகள் ஆபீஸ் கிளம்பும்போது சொன்ன ‘வரேன்’ நானூறாவது. கதவு பூட்டிக்கொண்டது. ஏசி பனிமலையை இறக்கியது. நான் போர்வைக்குள் புகுந்து மச்சினனுக்குப் போன் போட்டேன், வீட்டில் நானூறு பேர் இருக்கிறார்கள் என்று. புளுகு என்றான். கண்ணால் பார்க்கக் கிளம்பி வந்தான். அவனும் மேலதிகாரி அம்மாளும் ஒன்றாக வந்து வாசலில் நிற்க, கதவு பணிவாகச் சொன்னது: “மன்னிக்கவும். வீடு நிரம்பிவிட்டது.”

உள்ளே எங்களோடு மாட்டிக்கொண்ட மருமகன் ஏஐயிடம் முறையிட்டார். அருமையான கேள்வி என்று அவரைப் பாராட்டிவிட்டு, கூட்டத்துக்கு வியர்க்குமே என்று அது ஏசியை இன்னும் கூட்டியது. வேறு வழியில்லாமல் மனிதர் முதல்முறையாக அது எழுதியதைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் செத்தது. யாராவது ஒருவர் ‘போறேன்’ என்றால் போதும், திறந்துவிடும் என்றார்.

என் மனைவி இடுப்பில் கைவைத்தாள். “வேலை ஊசலாடுற நாள்ல, இந்த வீட்டுல எவன் வாயிலேருந்து அந்த வார்த்தை வருதுன்னு பாக்கறேன்.”

நானும் மருமகனும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

வெளியே நின்று இதையெல்லாம் கேட்ட மச்சினனுக்குக் கொண்டாட்டம். வார்த்தையில் என்ன இருக்கிறது, எல்லாம் மூடநம்பிக்கை என்று மேலதிகாரிக்கு ஒரு சொற்பொழிவே நடத்தினான். பிறகு தொண்டையைச் செருமினான்.

“போ...”

நாக்கு மடங்கிக்கொண்டது.

“போ... போயிட்டு வரேன்.”

நானூற்றொன்று. மறுபடி முயன்றான். மறுபடி. மறுபடி. விஞ்ஞான மூளை முயல முயல வீட்டில் கூட்டம் ஏறியது. மேலதிகாரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. மானம் போன மச்சினன் கதவை ஓங்கிக் குத்தினான். “எல்லாரும் எங்கயாவது போய்த் தொலைங்க.”

அந்தக் கதவுக்கு முழுசாகப் புரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். வீட்டில் யாருமே இல்லை என்று விளக்கை அணைத்தது, ஏசியை நிறுத்தியது, விரியத் திறந்துகொண்டது.

மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மருமகன் அவர் முகத்தையே பார்த்து நின்றார்.

“எங்க வீட்லயும் மூணு தடவை சொல்லாம கிளம்பமாட்டோம். ஏஐ எழுதுறதைப் படிச்சு, ‘வரேன்’னா போறதுன்னு அதுக்குச் சொல்லிக்குடுக்க ஒரு ஆள் வேணும். நீங்களே இருங்க.”

படிக்காமல் கோட்டைவிட்டவருக்கே இனிமேல் படிக்கிற உத்தியோகம். ஏஐயால் இவரை அசைக்க முடியாது. அதற்குத் தப்பு செய்யத்தான் தெரியும், தப்புக்குச் சம்பளம் வாங்கத் தெரியாது.

போன வாரம் ஒரு விருந்தில் இந்தக் கதையை எடுத்தேன். மச்சினன் வழக்கம்போல ஆதாரம் கேட்டான்.

“இப்ப எல்லார் முன்னாடியும் ‘போறேன்’னு ஒரு தடவை சொல்லு மச்சான். நான் சொன்னதெல்லாம் பொய்னு ஒத்துக்கறேன்” என்றேன்.

எழுந்து நின்றான். வாயைத் திறந்தான். மூடினான். உட்கார்ந்தான்.

“நானூறு இல்ல அத்தான்” என்றான் தரையைப் பார்த்து. “நானூத்தி நாலு. கடைசி நாலும் நான்தான்.”