ஆண்டின் முதல் காலடி

மெர்லிண்டா மழைக்காலத் தொடக்கத்தில் சைகோனுக்கு வந்து சேர்ந்தாள். மாலை நேர ஆங்கிலப் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆசிரியை வேலை. சந்துக்குள் பிரியும் இன்னொரு சந்தில், லியென் என்பவளின் வீட்டு மாடியறையை வாடகைக்கு எடுத்தாள். லியென் காலை நேரத்தில் கீழே முன்னறையில் நூடுல்ஸ் சூப் விற்பாள். அதைத் தாண்டித்தான் மாடிக்குப் படி. ஆகவே வீட்டுக்காரியின் கண்ணில் படாமல் போகவும் முடியாது, வரவும் முடியாது.

முதல் சில மாதங்கள் ஊரைப் பழகுவதில் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவாள். அங்கே ஐஸ் போட்ட காப்பி குடித்துவிட்டு அதே பேருந்தில் திரும்புவாள். சாலையைக் கடக்கவும் கற்றுக்கொண்டாள். ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது. ஒரே சீராக நடந்தால் ஸ்கூட்டர் வெள்ளம் தானாகப் பிரிந்து வழி விடும். அப்படிக் கடந்து அக்கரையில் ஏறி நிற்கும்போது, "பாத்தியா" என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் தேவலை என்றிருக்கும். அப்படி ஒருவரும் இல்லை. சாயங்காலம் பிலிப்பைன்ஸில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதைச் சொல்வாள். அம்மாவுக்குக் காது மந்தம். அதனால் மாடியில் பேசுவது கீழே வரைக்கும் கேட்கும்.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்று லியென் மறுநாள் காலையில் கரண்டியும் கையுமாகக் கேட்பாள்.

"நல்லா இருக்காங்க அக்கா."

தினமும் இதே கேள்வி, இதே பதில்தான். அந்த ஊரில் அவளிடம் தவறாமல் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

நவம்பரில் அம்மா இறந்துபோனாள். வேலை அனுமதியைப் புதுப்பிப்பதற்காக மெர்லிண்டாவின் பாஸ்போர்ட் அரசு அலுவலகத்தில் கிடந்தது, போக வழியில்லை. அடக்கத்தை அண்ணனின் கைப்பேசி வழியாகப் பார்த்தாள். அதிலும் பாதி நேரம் அண்ணனின் சட்டைதான் தெரிந்தது. மறுநாள் காலையில் அவள் இறங்கி வந்தபோது முன்னறை நிறைய ஆட்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க அக்கா."

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அடுத்த நாள் திருத்தலாம் என்றால், முந்தின நாள் சொன்ன பொய்யையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு வாரம் போனபின் அது நடக்காத காரியம் ஆகிவிட்டது. மாடியில் பேச்சுச் சத்தம் நின்றுபோனதை லியென் கவனித்ததாகத் தெரியவில்லை. போகப் போக அந்தக் கேள்விக்காகவே அவள் காலையில் கீழே இறங்கினாள் என்றும் சொல்லலாம். சொந்த ஊர் இலோய்லோவில் மண்ணுக்குள் போய்விட்டவள், சைகோனின் அந்த ஒரு சந்தில் மட்டும் நல்லபடியாக இருந்தாள்.

இப்படியே தெத் புத்தாண்டு வந்தது. ஊர் காலியானது. ஆளாளுக்கு மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். லியென் மட்டும் போகவில்லை. அவளுக்கு இதுதான் சொந்த ஊர். பன்றி இறைச்சியும் முட்டையும் இளநீரில் வேகும் வாசனை இரண்டு நாட்களாக மாடி வரை வந்துகொண்டிருந்தது. மஞ்சள் பூக்கிளை ஒன்று முன்னறைக்கு வந்து நின்றது.

புத்தாண்டுக்கு முந்தின நாள் லியென் சொன்னாள்: "நாளைக்குக் காலைல முதல்ல வாசப்படி ஏறுறது மருந்துக்கடை ஹோவாங்தான். பேசி வச்சிருக்கேன். அவருக்கு முன்னாடி வெளியாள் யாரும் உள்ள காலை வைக்கக் கூடாது. முதல்ல வர்றவங்க ராசிதான் வருஷம் பூரா வீட்டுக்கு. போன வருஷம் ஒரு கடன்காரன் வந்து தொலைச்சான், சூப்பு விக்கவே இல்ல."

"சரிக்கா," என்றாள் மெர்லிண்டா. அவளும் அதை மனத்தில் வாங்கிக்கொண்டாள். தன்னை வெளியாள் கணக்கில் அவள் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தாண்டு காலையில், வீடு எழுந்திருக்கும் முன், இரும்புக் கதவைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு அவள் நடக்கப் போனாள். கால்வாய் ஓரம் முழுக்கக் கடைகள் மூடிக் கிடந்தன. அவள் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பெரிய சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. நட்டநடுவில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். எத்தனையோ பேருந்துகளில் ஏறித் தேடியும் இந்த ஊர் தனக்குப் பிடி கொடுக்கவில்லை. இன்று அது முழுசாகக் காலியாகக் கிடக்கிறது, காட்டுவதற்குத்தான் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. திரும்பி வந்தாள்.

அவள் வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தபோது, லியென் முன்னோர் படத்துக்கு முன்னால் பழத்தட்டோடு நின்றிருந்தாள். தட்டு கையிலேயே நின்றுவிட்டது.

"எங்க போயிட்டு வர்ற?"

"சும்மா... நடந்துட்டு வந்தேன்க்கா."

உள்ளறையிலிருந்து லியெனின் மகன் பாவ் எட்டிப் பார்த்தான். கல்யாண வயதைத் தாண்டியும் அம்மாவைச் சீண்டுவதை விடாதவன். "போச்சு. மருந்துக்கடைக்காரர் புதுச் சட்டை வாங்கினதெல்லாம் வீண்."

"நான் இந்த வீட்டுல இருக்கிறவதானே?" என்றாள் மெர்லிண்டா.

"வீட்டு ஆளே வெளிய போயிட்டு வந்தாலும் அது கணக்குத்தாங்க," என்றான் பாவ்.

லியென் தட்டை வைத்தாள். மெர்லிண்டாவை மேலும் கீழும் பார்த்தாள். "நீ என்ன வருஷத்துக்காரி?"

அங்கே ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மிருகம் உண்டு. அவள் பிறந்த ஆண்டைச் சொன்னதும் லியென் விரல் விட்டு எண்ணினாள். முகம் மெல்லத் தெளிந்தது. "நாய் வருஷம். நான் குதிரை. ஒத்துப்போகும். வேலையில இருக்கா, கைல காசு இருக்கு, யார்கிட்டயும் சண்டை கிடையாது, அம்மா உசிரோட இருக்காங்க. ஹோவாங்கை விட இவளே தேவல. அவரு போன வருஷம் பூரா இடுப்பு வலியில கிடந்தாரு." புத்தாண்டுப் பணம் வைத்த சிவப்பு உறை ஒன்றை எடுத்து மெர்லிண்டாவின் கையில் திணித்தாள். தோளைப் பிடித்துக் குலுக்கினாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் அவளைத் தொட்டதில்லை.

அதற்குள் எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் நின்றபடியே கேட்டாள்: "என்ன லியெனு, இந்தத் தடவை பொம்பளையா முந்திக்கிட்டா?"

"நாய் வருஷம்க்கா. பொருத்தம் பிரமாதம்."

"அப்படியா? எனக்குப் பேசி வச்ச ஆளு குடிச்சிட்டு இன்னும் எந்திரிக்கல. அவளை அப்படியே இங்கயும் அனுப்பி வை. மருமகளுக்கு இந்த மாசம்தான். நல்ல காலு முதல்ல வரட்டும்."

"போம்மா," என்று லியென் மெர்லிண்டாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போயி அந்தப் பொண்ணு வயித்துல கை வச்சு நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு வா."

மெர்லிண்டா வாசப்படி வரை வந்தாள். எதிரே நிறைசூலி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாவுக்குப் போய் வந்தவர்கள் நேரே வீடு திரும்ப மாட்டார்கள், வேறெங்காவது நின்றுவிட்டுத்தான் வருவார்கள். மெர்லிண்டாவின் ஊரில் அதுதான் வழக்கம். சாவு காலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம். அவள் எங்கும் நின்று வரவில்லை. அவளால் போகவே முடியவில்லை.

திரும்பினாள். லியெனுக்கு மட்டும் கேட்கும்படி, "அக்கா, எங்கம்மா செத்துப்போயிட்டாங்க," என்றாள்.

லியெனின் கை முதுகிலிருந்து எடுபட்டது.

"எப்போ? ராத்திரியா?"

"நவம்பர்ல."

லியென் அவளைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். பிறகு எதிர்வீட்டைப் பார்த்து, எப்போதும் போன்ற குரலில், "அவளுக்குக் கால் வலியாம்க்கா. காலங்காத்தால ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்கா. ஹோவாங் வருவாரு, அவரை முதல்ல உங்க வீட்டுக்கே அனுப்புறேன்," என்றாள். சொல்லிவிட்டு இரும்புக் கதவைப் பாதி இழுத்தாள்.

"தினம் கேட்டேனே."

"ஆமாக்கா."

"தினம் நல்லா இருக்காங்கன்னு சொன்னியே."

மெர்லிண்டா உள்ளே வந்தாள். சிவப்பு உறையைப் பழத்தட்டின் பக்கத்தில் வைத்தாள். லியென் அதை எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை.

"மேல போ," என்றாள். குரலில் கோபமும் பயமும் இருந்தன. "மூணு நாளைக்கு யார் வீட்டுக்கும் போகாத. கீழயும் வராத. சாப்பாடு மேல வரும்."

மெர்லிண்டா படியேறினாள். இப்போது இந்தச் சந்திலும் அம்மா இறந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் காகிதம் கருகும் வாசனை ஏறி வந்தது. வாசப்படியில் லியென் காகிதத்தைக் கொளுத்தித் தீட்டை விரட்டுகிறாள் என்று மெர்லிண்டாவுக்குத் தெரியும். சூப் விலைபோகாத நாட்களிலும் அப்படித்தான் செய்வாள். இந்தப் புகை தனக்கானது. அவளுக்குக் கோபம் வரவில்லை. தானாக இருந்தாலும் கொளுத்தியிருப்பாள். ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டாள்.

மருந்துக்கடை ஹோவாங் வந்தது குரலிலேயே தெரிந்தது. வாழ்த்துகள், சிரிப்பு, பீர் டப்பாக்கள் திறக்கும் சத்தம். பிறகு பாவ் பாட்டுப் பெட்டியை இழுத்து வைத்தான். ஹோவாங் மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்ததும் கட்டில் கால் வரைக்கும் அதிர்ந்தது. பாவ் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு, தட்டிச் சொல்லிவிட்டுப் போனான். சோறு, இறைச்சி, முட்டை, ஊறுகாய் எல்லாம் இருந்தன. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடத் தோன்றவில்லை.

கீழே லியெனின் குரல் கேட்டது: "கொஞ்சம் குறைடா."

"அம்மா, இன்னிக்குப் போயா? சந்து பூரா அலறுது."

"ஏன் லியென், என் பாட்டு அவ்வளவு மோசமா?" என்றார் ஹோவாங்.

"உங்க பாட்டுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. பாவ், குறைன்னா குறை."

காரணம் கேட்டார்கள். புத்தாண்டு நாளில் சாவு என்ற வார்த்தையை வாயால் சொல்ல முடியாது. லியென் சொல்லவில்லை. பாட்டுச் சத்தம் இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது. கட்டில் அதிர்வது நின்றது. மெர்லிண்டா தட்டைப் பார்த்தாள். முட்டையை இரண்டாகப் பிட்டாள். கண் நிறைந்து தட்டு மங்கலானது. அப்படியே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.