அப்பா போட்ட அம்புக்குறி

"எழுந்திரு" என்று சித்தப்பா மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

சின்னவள் எழுந்திருக்கவில்லை. வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்து, கதவுச் சட்டத்தில் கால்களை ஊன்றி, மடியில் போனை வைத்திருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண். இன்றைக்குத் தெருவே வேடிக்கை பார்க்க, நடுவாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தில் அப்பா கிடந்தார். விடிகாலை ஐந்தரைக்கு மூச்சு நின்றது. இப்போது மணி எட்டு. சின்னவள் போன் செய்ததும் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது. உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்தாக வேண்டும். அதற்கு அப்பா உயிரோடு இருக்கும்போதே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் வீட்டில் ஒருத்தர் வேண்டாம் என்றாலும் தொட மாட்டார்கள். சித்தப்பா வேண்டாம் என்கிறார். அதோடு ஒன்பதரைக்கே உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துவிட ஆட்களுக்கும் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வருஷமா ஊசி குத்தி, படம் எடுத்து, ட்யூப் போட்டுப் பார்த்தது பத்தலையா? செத்தவனை அறுக்கறதுக்குத் தனியா வண்டி வேற வருதாம்."

"அப்பா சொன்னது."

"என்னது? வாய்க்குள்ளேயே முனகாதே."

"அப்பா சொன்னது, சித்தப்பா. நான் நகர மாட்டேன்."

"அட, இந்தப் பொண்ணுக்குப் பேச வருமா!" என்றாள் எதிர்வீட்டு டீச்சர்.

அப்பா இருபத்தாறு வருஷம் தொழிற்சாலையில் கொதிக்கிற குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை சுற்றியவர். சாயங்காலம் மாவு மில்லில் இருந்து வருகிறவர் மாதிரி வெள்ளையாக வந்து நிற்பார். வேலையை விட்டுப் பத்து வருஷம் கழித்து அந்தத் தூசி நோயாக எழுந்து உட்கார்ந்தது. மீசோதீலியோமா, நுரையீரல் சவ்வில் வருகிற புற்றுநோய் என்றார் டாக்டர். அப்பாவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. வாடகைக்காரன் என்று வைத்துக்கொண்டார். "வாடகைக்காரன் ராத்திரி பூரா ஒரே ரகளை" என்பார். இல்லாவிட்டால், "இன்னிக்கு நல்ல பிள்ளையாட்டம் தூங்கறான்."

முதல் நாள் டாக்டர், "வேலைத் துணியெல்லாம் யார் துவைப்பாங்க?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் அம்மா பெருமையாக. "பின்வாசல்ல நின்னு ஒரு தூசி இல்லாம நல்லா உதறிட்டுத்தான் தண்ணியில போடுவேன்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அம்மாவுக்கும் நெஞ்சை ஒரு படம் எடுக்கச் சொன்னார். அம்மா இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு மாதம் என்று சொல்லி அனுப்பினார்கள். பழைய மருந்து கேட்கவில்லை. அப்புறம்தான் புது மருந்து ஆராய்ச்சியில் அப்பாவைச் சேர்த்தார்கள். உடம்புக்குள்ளேயே தூங்குகிற காவல்காரனைத் தட்டி எழுப்புகிற மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நாலு மாதம் இருபது மாதமானது. மருந்து நன்றாகவே வேலை செய்தது. பிறகு ஒருநாள் செய்யாமல் போனது.

"இத்தனை நாள் ஏன் கேட்டுச்சு? இப்ப ஏன் கேக்கலை?" என்று அப்பா டாக்டரை விடவில்லை.

"தெரியலை. உள்ளே பார்த்தாத்தான் தெரியும்."

"பாருங்களேன். நான் இருக்கும்போது வேண்டாம், வலிக்கும்."

சிரித்தது அப்பா மட்டும்தான்.

எட்டேமுக்காலுக்கு பாய்லர் வந்தார். அப்பாவோடு ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவர்; பேச ஆரம்பித்தால் ஆவி பறக்கும் என்று அந்தப் பேர். இப்போது பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். அவருக்கும் அதே நோய், அதே புது மருந்து. நாலாவது தவணை முடிந்திருந்தது. வந்ததும் வாசற்படியில் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வழி இன்னும் அடைத்துக்கொண்டது.

"நீயுமா?" என்றார் சித்தப்பா.

"கால் வலிக்குது, உக்காந்தேன். இது உட்கார்ற இடம்தானே?"

சித்தப்பா விருட்டென்று உள்ளே போனார். குளிப்பாட்டி உடுத்திவிட்டால் வருகிறவர்களுக்குக் கேட்க வாய் வராது என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணன் சட்டையின் பொத்தான்களைத் தானே கழற்றினார். மூன்றாவது பொத்தானில் கை நின்றது.

"யார் வேலை இது? உன் வேலைதானே?"

சின்னவள் எழுந்து ஓடினாள். அப்பாவின் மார்பில் நீல மையில் பெரிய எழுத்துகள். அவளுக்கும் புதிது. முந்தாநாள் அப்பா கருவிப் பெட்டியிலிருந்து நீலப் பேனாவை எடுத்துத் தரச் சொல்லி, கையோடு அவளைத் தேநீர் போட அனுப்பியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எழுத்துகள் தலைகீழாக இருந்தன.

"நான் எழுதலை. இங்கே தலைமாட்டுக்கு வந்து படிங்க, சித்தப்பா" என்றாள். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

சித்தப்பா தலைமாட்டில் மண்டியிட்டுக் குனிந்தார். அண்ணன் குனிந்து பார்த்து எழுதிய பக்கத்திலிருந்து எழுத்து நேராக வந்தது.

*உள்ளே: வாடகைக்காரன். திறந்து பார்க்கவும்.*

கீழே தேதி. வலது விலாவைக் காட்டி ஓர் அம்புக்குறி.

உறை சுற்றிய பிறகு குழாய்க்குள் ஓடுவது என்ன என்று யாருக்கும் தெரியாது. அதனால் உறையின் மேல் உள்ளே இருப்பதையும், ஓடும் திசையையும், தேதியையும் எழுத வேண்டும். குறி இல்லாத குழாயைத் தொடக் கூடாது. குறி இருந்தால் எழுதியபடிதான் செய்ய வேண்டும். அந்தக் கொட்டகையில் இதைத் திட்டித் திட்டி எல்லோருக்கும் பழக்கிய மேஸ்திரி சித்தப்பாதான். அண்ணனையே ஒருநாள் குறி போடாததற்காக வீட்டுக்கு அனுப்பியவர்.

அவர் கட்டைவிரலால் அம்பைத் தேய்த்துப் பார்த்தார்.

"போகாது மேஸ்திரி. முன்னூறு டிகிரியிலேயே போகாத மை அது" என்றார் பாய்லர்.

ஒன்பது இருபதுக்கு வண்டி வந்தது. ஆராய்ச்சி நர்ஸ் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, அப்பாவின் கையை ஒருதரம் தொட்டாள். "வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டாள். "சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொண்டுவந்துடுவோம்."

அம்மா தலையசைத்தாள். சின்னவள் சித்தப்பாவைப் பார்த்தாள். இந்த முறை தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி தொண்டையைக் கனைத்தார்.

"வலது பக்கம்" என்றார். "அம்பு போட்டிருக்கான். பார்த்துச் செய்யச் சொல்லுங்க."

சட்டையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார்கள். அப்பாவை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கியபோது சித்தப்பாவும் ஒரு பக்கம் பிடித்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றவர், பாய்லர் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஆஸ்பத்திரியில நெஞ்சுப் படம் எடுக்கறது என்னிக்கு?"

"வியாழக்கிழமை. கூட்டம் ஜாஸ்தி. ஏழு மணிக்கே வந்துடுங்க, எடம் போட்டு வைக்கறேன்."

சின்னவள் அம்மாவைத் தேடிப் பின்பக்கம் போனாள். அம்மா பின்வாசலில் வாளியின் முன்னால் நின்றிருந்தாள். அப்பாவின் சட்டையைத் தோள்களில் பிடித்து, உதறுவதற்கு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தாள். கைகள் அப்படியே நின்றன.

பிறகு மெதுவாக இறக்கி, சட்டையைத் தண்ணீருக்குள் வைத்து, அது நனையும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.