கடமைக்கு ஒரு டப்பா

1.
இந்தக் கதை ஒரு கடைக் கண்ணாடியில் கிடைத்தது. "நாங்கள் விற்கும் பிராண்டுகளின் காலி டப்பாக்களை மட்டுமே திரும்ப எடுப்போம்" என்று ஒட்டியிருந்தார்கள். சின்னக் கடைகளுக்கு ஜெர்மானியச் சட்டம் தரும் சலுகை அது. (சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த காதல் கதை இது ஒன்றுதான்.)

2.
லைப்ஸிக்கில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை

வேண்டாம். மழையில் எத்தனை கதையைத்தான் நனைப்பது.

கேர்லிண்ட் லோபெக் பானக்கடை வைத்திருந்தாள். ஓய்வுபெற்ற டிராம் டிக்கெட் பரிசோதகர் புரூன்ஸ், பூங்காவில் காலி டப்பா பொறுக்கி, பானம் வாங்கியவர்கள் டப்பாவுக்கென்று கட்டிவிட்டுப்போன முன்பணத்தை வாங்க அங்கே வருவார். மூட்டையில் பாதி பீட்ரூட் சோடா டப்பாக்கள். பக்கத்து அலுவலகத்தில் இலவசமாகக் கொடுப்பதால் குடித்துத் தொலைக்கிறார்கள். கேர்லிண்ட் அதை விற்பதில்லை.

"பரவாயில்ல, ஹெர் புரூன்ஸ். குடுங்க, எடுத்துக்கறேன்."

"விக்காத சரக்க எதுக்கு எடுக்கணும்? தர்மம் பண்றீங்களா, ஃப்ராவ் லோபெக்?"

அந்தப் பாதி மூட்டையோடு, எல்லா டப்பாவையும் எடுத்தே ஆகவேண்டிய, மூன்று டிராம் நிறுத்தம் தள்ளியிருக்கும் பெரிய கடைக்கு நடந்துவிடுவார். ஒருநாள் மொத்த மூட்டையும் அங்கேயே போய்விடும், இந்த மனிதர் இந்தப் பக்கமே வரமாட்டார் என்று அவள் பயந்தாள்.

(இவ்வளவு வீம்பு ஒருவருக்கு ஆகுமா என்று தயங்கினேன். சொந்தத் தங்கைக்கே அபராதம் போட்டவர். ஆகும்.)

3.
கேர்லிண்ட் ஒரு பெட்டி பீட்ரூட் சோடா வரவழைத்து அடுக்கினாள்.

"இப்ப விக்கிறேன். உங்க டப்பாவ எடுத்துக்கணும்னு என் தலையெழுத்து. எடுக்க மாட்டேன்னு சொன்னா என்மேல புகார் குடுங்க."

"குடுப்பேன்," என்றார் புரூன்ஸ், மிகுந்த சந்தோஷத்தோடு.

4.
கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பெட்டி கரைந்தது. வேறு எந்தக் கடையிலும் கேட்பார் இல்லாத சரக்கை இனிக் கொண்டுவர மாட்டேன் என்று மொத்த வியாபாரியும் கைவிரித்தான். கடைசி டப்பா மட்டும் நின்றது. ஒரு மாணவி அதைக் கேட்டாள். பின்னால் மூட்டையோடு புரூன்ஸ்.

முடிவு அ: கேர்லிண்ட் விற்றுவிடுகிறாள். நாளை முதல் அவர் நடக்க வேண்டும்.

முடிவு ஆ: "அது விற்பனைக்கு இல்ல" என்கிறாள். விற்காத சரக்கு என்றால் கடமையும் இல்லை. பரிசோதகருக்கு இது தெரியாதா?

இரண்டையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் புரூன்ஸ் முந்திக்கொண்டு காசை மேசையில் வைத்துவிட்டார்.

"அது என்னோடது, பொண்ணே. ஃப்ராவ் லோபெக், அப்புறமா வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் அலமாரியிலயே இருக்கட்டும்."

கேர்லிண்ட் காசை எடுத்துக்கொண்டு, அவர் மூட்டைக்குக் கை நீட்டினாள். வாழ்நாளில் அவர் வளைத்த முதல் விதி அது.

5.
விற்றுப்போன டப்பா கணக்கில் சேருமா என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். அவர் எப்போது வந்து அதை எடுப்பார் என்பதை உங்களிடம் விடுகிறேன். தயவுசெய்து, எடுக்க வைத்துவிடாதீர்கள்.